மூன்று சுவர் அறை

2009ஆம் ஆண்டு வைகாசியில், இருங்காட்டுக்கோட்டையில் கிளியம்மாள் வாடகைக்கு விட்டிருந்த மாடி அறையில் நான்காவது சுவர் இல்லாமல் போனது. இடிந்து விழவில்லை. அங்கே தங்கியிருந்த நான்கு பெண்களில் சுந்தராம்பாள் கல்யாணமாகி ஊருக்குப் போன மறுநாள் காலை, மற்ற மூன்று சுவர்களும் ஒன்றோடொன்று முட்டி அறையை அடைத்துக்கொண்டிருந்தன. கிளியம்மாள் ஏறிவந்து பார்த்தாள். "நாலு பேரு இருந்தீங்கோ, நாலு செவுரு. இப்போ மூணு பேருதான கீறீங்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உலகம்மாள், ரத்னா, முப்பிடாதி மூவரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஆளுக்கொரு சுவரை ஒட்டிப் பாய் விரித்தார்கள். முப்பிடாதி தையல் டேப்பை வைத்து அளந்தாள். மூன்றும் ஒரே நீளம். சமபக்க முக்கோணம் என்று அறிவித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஆடியில் உலகம்மாளும் ரத்னாவும் ஒரே ஷிப்டுக்கு மாறினார்கள். போக வர ஒரே பஸ், இருவருக்கும் சேர்த்து ஒரே குழம்பு. முப்பிடாதியின் சுவர் குறையத் தொடங்கியது. தீபாவளிக்குள் அவள் முழங்காலை மடக்கித்தான் படுக்க முடிந்தது. மற்ற இரண்டு சுவர்களும் அப்போதும் சமமாகவே இருந்தன. அவை சேரும் மூலை மட்டும் துடைப்பம் நுழையாத அளவு கூராகிவிட்டது. வேறு அறை தேடித் தண்டலத்துக்குக் கிளம்பிய முப்பிடாதி, பாதி வழியில் திரும்பி வந்தாள்.

"ஏளா, மூணும் சமமா இருந்தப்பவும் ஒங்க ரெண்டு செவரும் சமமாத்தான இருந்துச்சு. அப்பமே இது இருசமபக்கந்தான். நாந்தான் கவனிக்கல."

ரத்னாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒன்ன யாரும் ஒதுக்கலட்டி" என்றாள். அன்றிலிருந்து குழம்பு மூவருக்குமாகக் கொதித்தது. முப்பிடாதியின் சுவரும் கால் நீட்டும் அளவுக்கு வளர்ந்தது.

பொங்கலுக்குப் பிறகு கம்பெனி ரத்னாவை மட்டும் நிரந்தரமாக்கியது. உலகம்மாள் அவளோடு பேச்சை நிறுத்தினாள். ரத்னாவின் சுவர் நீண்டுகொண்டே போனது. ஒரு சுவரைப்போல் இன்னொன்று இல்லை. எதிர்மூலை விரிய விரிய மற்ற இரு மூலைகளும் ஒடுங்கின. ரத்னாவின் சுவர் மற்ற இரண்டின் கூட்டு நீளத்தைத் தொட்டுவிட்டால் அறை வெறும் கோடாகிவிடும் என்று முப்பிடாதி சொன்னாள். விரிந்த மூலை ரத்னாவின் பாய் ஓரத்துக்கே வந்துவிட்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரத்னா பெட்டியைக் கட்டினாள். "நான் போயிருதேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க."

உலகம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ரெண்டு செவத்துல அறை நிக்குமா? உக்காருட்டி. ஒனக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன்" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் ரத்னாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

சுவர் நின்றது. சித்திரைக்குள் மெல்லப் பின்வாங்கி, விரிந்த மூலை செங்கோணமானதும் அசையாமல் இருந்துவிட்டது. அந்த மூலையில் ஒரு பீரோ வாங்கிப் பொருத்தினார்கள். மூன்று சுவரும் மூன்று நீளம். முப்பிடாதி அதன்பின் அளக்கவில்லை.

மறுவருடம் உலகம்மாள் ஒரகடத்தில் வேலை கிடைத்துப் போனாள். அன்று மதியமே உள்ளூர்ப் பெண் ஜாஸ்மின் பையோடு வந்தாள். வாசலில் நின்று மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எனக்கு எந்த செவுரு?"

காட்டினார்கள். அவள் பாயை விரித்தாள்.