இரண்டாம் மாடியில் எடுத்த அளவு

1.

'ஒரு கையெழுத்துதானே. போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். யாரு கேக்கப்போறா?'

அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் கதையைத் தொடங்கியிருக்கிறேன். அந்த நிமிடம் அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. [ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டையில் ஒட்டு விட்டுப்போனதைப் பற்றிக்கூட இருக்கலாம்.]

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட நோய்கள் வருமுன் தடுப்பதற்காக, அரசு நிதியில் ஒரு குடியிருப்பில் நடக்கும் திட்டம் அது. நிதியை மேலும் மூன்று வருடம் நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பத்தை மொழி திருத்தித் தரச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். கடைசிப் பக்கத்தில், 'வெற்றிக் கதை: 300 சொற்களுக்கு மிகாமல்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்புவதும் என் வேலைதான் என்றார்கள். அதற்குக் கீழே இரண்டு முகாம்களில் எடுத்த ரத்த அழுத்த அளவுகளின் அட்டவணை, அதன் அடியில் 'அளந்தவர் கையொப்பம்'. அதுவும் காலி. அது ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கப் போனேன்.

2.

முதலில் கட்டத்தை நிரப்பப் பார்த்தேன்.

'அந்தப் பெண்மணிக்குப் பக்கவாதம் வராத அந்தக் காலையில்...'

நிறுத்திவிட்டேன். வந்த நோய்க்குக் கதை உண்டு. ஆம்புலன்ஸ் வரும், ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுகள் நிற்கும், பேசாமலிருந்த அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வார்கள். வராத நோய்க்கு என்ன இருக்கிறது? அன்றைக்கு அவர் எழுந்தார், குளித்தார், மூக்குக்கண்ணாடியைக் காணோமென்று கணவரிடம் எரிந்து விழுந்தார், வேலைக்குப் போனார். அவருக்கே தெரியாத தப்பித்தல். அதை எழுதச் சொல்லித்தான் கேட்கிறார்கள், அதுவும் ஆதாரத்துடன்.

3.

கையெழுத்துப் போட வேண்டியவள் அந்தத் திட்டத்தின் செவிலி. எல்லாரும் 'சிஸ்டர்' என்பதால் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். காலையில் முப்பத்தொரு பெண்கள் குடியிருப்பைச் சுற்றி நான்கு சுற்று நடப்பார்கள். முடிந்ததும் தரைத்தள அறையில் உட்கார்ந்து, உப்பைக் குறைப்பது பற்றியும் அதைவிட அதிகமாக மற்றவர் வீட்டு விஷயங்கள் பற்றியும் பேசுவார்கள்.

அவர்களில் ஒரு தையல்காரம்மா. முதல் முகாமில் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு நூற்று அறுபத்தெட்டு வந்ததால் அதுவே பேராகிவிட்டது.

"நூத்தறுபத்தெட்டு வந்தாச்சா?"

"அந்தப் பேரை இன்னுமா விடல? நான் இப்ப நூத்தி நாப்பது, ஞாபகம் இருக்கட்டும்."

"வச்ச பேரை எப்படிக்கா மாத்துறது? உங்க மருமகனே அப்படித்தான் கேக்குறாரு."

"அவன் கிடக்கான். சிஸ்டர், நீங்களே சொல்லுங்க. இருபத்தெட்டு இறக்கினவ இங்க வேற யாரு இருக்கா?"

சிஸ்டர் சிரித்தாள். [முதலில் இப்படித்தான் எழுதினேன். அடித்துவிட்டு, 'கருவியைத் துடைத்தாள்' என்று மாற்றினேன். கருவி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.]

4.

என்ன நடந்ததென்று அவளே சொன்னாள், நான் கேட்காமலே.

முதல் முகாமை இரண்டாம் மாடிக் கூடத்தில் வைத்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை. பெண்கள் படியேறி மூச்சிரைக்க வந்தார்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைக்க வேண்டும். ஆனால் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது, பத்து மணிக்குள் கூடத்தைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் வந்த சூட்டிலேயே கையை நீட்டினார்கள். அவள் அளந்தாள்.

ஆறு மாதம் கழித்து இரண்டாம் முகாம், தரைத்தளத்தில். இந்த முறை எல்லாரையும் நாற்காலியில் உட்காரவைத்து, கடிகாரத்தைப் பார்த்து அளந்தாள். சராசரி பதினேழு குறைந்திருந்தது. அலுவலகமே கைதட்டியது. அன்றைக்கு ஒருத்தி தாமதமாகிவிட்டதென்று ஓடிவந்து உட்கார்ந்தாள், அளவு எகிறியது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தபோது இருபது இறங்கியிருந்தது.

"அப்பதான் எனக்கு முதல் முகாம் ஞாபகம் வந்துச்சு," என்றாள்.

அந்தப் பதினேழில் நடைக்கு எவ்வளவு, படிக்கட்டுக்கு எவ்வளவு? பத்து நடைக்கு, ஏழு படிக்கட்டுக்கா? எல்லாமே படிக்கட்டா? நான் நாள் முழுக்க இதையே யோசித்தேன். இனி அந்த முதல் நாளை யாரும் திரும்ப அளக்க முடியாது.

5.

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் கையெழுத்துப் போடுகிறாள். நிதி வருகிறது. தையல்காரம்மா தொடர்ந்து நடக்கிறார். வேறொரு ஊரில் ஒரு அதிகாரி இந்த அட்டவணையைப் படித்துவிட்டு, இருந்த மருந்துப் பணத்தை நடைக்கு மாற்றி— [இதற்கு மேல் எழுத எனக்குப் பயமாக இருந்தது.]

அவள் உண்மையைச் சொல்கிறாள். அதிகாரிகள் அவள் நேர்மையில் மனமுருகி இரட்டிப்பு நிதி தருகிறார்கள். [நீங்கள் சிரிப்பது கேட்கிறது.]

தையல்காரம்மா அதே இரண்டு மாடியையும் மூச்சிரைக்காமல் ஏறிக் காட்டுகிறார். [நானே கட்டிவிட்டது. அழகாக இருந்ததால் அடித்துவிட்டேன்.]

நிதி வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. சொன்னால் அதை வைத்து அவளை எடைபோடுவீர்கள். வேண்டியதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் நடந்ததை மட்டும் அவள் சொன்னபடி தருகிறேன்.

6.

திட்டத்தை நடத்தும் மேடம் கெட்டவர் இல்லை. இந்த நிதிக்காக இரண்டு வருடம் அலுவலகம் அலுவலகமாக நடையாய் நடந்தவர்.

"சிஸ்டர், அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். உங்க கையெழுத்துதான் பாக்கி."

"முதல் முகாம்ல எப்படி எடுத்தோம்னு ஒரு வரி சேர்க்கலாமா மேடம்?"

"சேர்த்தா அட்டவணையே படுத்துரும். அப்புறம் இந்த முப்பத்தொரு பேரும் எங்க போவாங்க? நடக்கிறது நல்லதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அவங்களுக்கு நல்லது நடந்திருக்குன்னு நம்புறீங்களா, இல்லையா?"

"நம்புறேன்."

"அப்புறம் என்னம்மா?"

"நம்புறேன்னு கையெழுத்துப் போடச் சொன்னா இப்பவே போட்டுருவேன் மேடம். அளந்தேன்னு போடச் சொல்றீங்க."

மேடம் குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க வேலையும் இதுலதான் இருக்கு. வீட்டுல நீங்க ஒருத்தர் சம்பாத்தியம்தானே?"

"ஆமா மேடம்."

மேடம் பேனாவை நீட்டினார். நீட்டிய கையைத் தட்டக் கூடாதென்று அவள் வாங்கிக்கொண்டாள். மூடியை மாட்டினாள். படிவத்தின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து, மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள்.