பதினான்காம் நம்பர் மெஷின்

இல்லாத இயந்திரத்தில் கை சிக்கி ஃபிட்டரின் இரண்டு விரல்கள் துண்டானது, பஞ்சாலை மறுபடி திறந்த பதினோராம் நாள், காலை ஒன்பதே காலுக்கு. நேரத்தைப் பதிவேட்டில் எழுதியது அவனுடைய அக்காதான். ஆலை மருந்தகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவள்தான் நர்ஸ். காயத்தைக் கழுவியபோது சதைக்குள் கறுப்பாக கிரீஸ் இருந்தது. பல்சக்கரத்தின் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன, எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவாக. இந்த ஊரில் கிரீஸ் டப்பாவைக் கண்ணால் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஆலையின் அறுபது நூற்பு இயந்திரங்களையும் கழற்றி லாரியில் ஏற்றியதை ஊரே ரோட்டோரம் நின்று பார்த்தது. கடைசி லாரியில் ஆலைச் சங்கையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். வெளிநாட்டுக் கடனுக்கு வட்டி என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொன்றாக நின்றது: முதலில் ரயில், பிறகு தெருவிளக்கு, பிறகு பள்ளிக்கூடத்தில் மதியத்துக்கு மேல் பாடம். கட்சி மட்டும் நிற்கவில்லை. முப்பத்தாறு வருடமாக ஆண்டுகொண்டிருந்ததால் அதற்குப் பெயர்கூடத் தேவைப்படவில்லை, கட்சி என்றால் கட்சி. எதிர்க்கட்சி அலுவலகம் இருந்த இடத்தில் சைக்கிள் நிறுத்தினார்கள், பிறகு டயருக்கு வழியில்லாமல் சைக்கிள்களும் வரவில்லை. ஒன்பதாவது தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, தலைவர் ரேடியோவில் நம் பஞ்சாலை இன்று முதல் ஓடுகிறது என்றார். சொல்லி முடித்த கையோடு சங்கு ஊதியது.

ஜனங்கள் போனார்கள். போகாமல் என்ன செய்வது? ஆலை டோக்கன் உள்ளவர்களுக்குக் கட்சிக் கடையில் வாரம் நாலு கிலோ மாவு என்று அறிவிப்பு வந்திருந்தது. வேறெங்கும் மாவு இல்லை. நர்ஸ் வீட்டுக்கு மூன்றாம் வீட்டுக்காரன் ஜன்னல் சட்டத்தை விற்றுத் தின்று, அடுத்து நிலைப்படியை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் மருந்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு, இயந்திரக் கூடத்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். தரையில் போல்ட் பிடுங்கிய ஓட்டைகள் வரிசை வரிசையாக அப்படியே இருந்தன. நடுவில் இருநூறு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். காற்றில் அறுந்த நூலை விரலால் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டார்கள், குனிந்து எதையோ உருட்டினார்கள், ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசினார்கள். கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. மாவுக்காக நடிக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். ஆனால் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் உண்மையாகவே களைத்திருந்தார்கள். காது கேட்கவில்லை என்று மூன்று பேர் சொட்டு மருந்து கேட்டு வந்தார்கள்.

தம்பிக்குப் பொறுமை கிடையாது. பத்து நாள் ஸ்பேனரோடு சும்மா சுற்றிவிட்டு, பதினோராம் நாள் கூடத்து நடுவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டான். "ஏம்பா, யாரை ஏமாத்துறோம்? இந்தா பாருங்க, இங்க ஒண்ணுமே இல்ல," என்று சொல்லி, பதினான்காம் நம்பர் இயந்திரம் இருந்த இடத்தில் கையை நீட்டினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆகிவிட்டது. சுற்றி நின்றவர்களில் ஒரே ஒருத்திக்குத்தான் சுவரோரம் ஓடி, இல்லாத சுவிட்சை அணைக்கத் தோன்றியது. அதன் பிறகுதான் கை வெளியே வந்தது.

கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் அக்காவின் முகத்தையே பார்த்தான்.

"சூடா இருந்துச்சு அக்கா," என்றான். "ஓடிட்டிருக்கிற மெஷின் எப்படி இருக்கும், அப்படி."

அவள் கட்டைச் சுற்றி முடித்தாள். விபத்துப் பதிவேட்டில் 'எந்த இயந்திரம்' என்ற கட்டத்தில் 'இயந்திரம் இல்லை' என்று எழுதினாள். அன்று மதியமே கட்சிச் செயலாளர் வந்தார். பழைய ஆலையில் டைம்கீப்பராக இருந்தவர், அவளுடைய கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். பதிவேட்டைப் படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"நர்சம்மா, இதை மாத்தி எழுதணும். மெஷின் இல்லைன்னா உங்க தம்பி வேணும்னே கையை வெட்டிக்கிட்டான்னு ஆகும். டோக்கன் போகும். அதோட நிக்காது."

"அங்க மெஷின் இருக்கா சார்? நீங்களே சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லாரியில ஏத்துனப்ப கயிறு கட்டினதே நான்தாம்மா. எனக்குத் தெரியாதா?"

"அப்ப இது என்ன?"

"தெரியல. மேல சொன்னாங்க. வந்துடுச்சு."

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தம்பிக்கு நான்கு பிள்ளைகள். எழுதியதை அடித்துவிட்டு 'பதினான்காம் நம்பர்' என்று எழுதினாள். எழுதும்போது தான் செத்துப்போனதாகவே நினைத்தாள், அப்படித்தான் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டம்: 'பாதுகாப்பு மூடி உண்டா?' பேனா சற்று நின்றது. 'இல்லை' என்று எழுதினாள். அந்தப் பக்கத்தில் கூசாமல் எழுத முடிந்த ஒரே வார்த்தை அது.

அந்த மாதம் இன்னும் ஆறு விபத்து. நூல் முடிச்சுப் போடும் பெண்ணின் கூந்தல் காற்றில் சுற்றிக்கொண்டு, உச்சந்தலைத் தோலோடு கிழிந்து வந்தது. நர்ஸ் இருபத்தெட்டுத் தையல் போட்டாள், மரத்துப்போகச் செய்யும் ஊசி இல்லாமல். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஏழு விபத்துகளின் பதிவையும் பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் இயந்திரத்தின் எண்ணையும் 'மூடி இல்லை' என்பதையும் அடிக்கோடிட்டு, தலைநகரத்துத் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

செயலாளர் பதறிப்போய் வந்தார். "என்னம்மா இது, இல்லாததுக்கு மூடி கேக்குறீங்க?"

"இருக்குன்னு எழுதச் சொன்னது நீங்க. இருந்தா மூடி போடணும்னு சட்டம் இருக்கு," என்றாள். "எனக்கு இனி தைக்க நூல் இல்ல சார்."

அந்த அலுவலகத்துக்கு ஆறு வருடமாக ஒரு கடிதமும் வந்ததில்லை. ஓடுகிற தொழிற்சாலை என்று நாட்டில் ஒன்றும் மிஞ்சாததால் அங்கே இருந்த இரண்டு குமாஸ்தாக்கள் மேசை இழுப்பறையில் கீரை விதைத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு உயிர் வந்தது. ரேடியோவில் தலைவரே ஓடுகிறது என்று சொன்ன ஆலை, மறுக்க எவனுக்குத் தைரியம் வரும்? ஐந்தாவது மாதம் மூன்று லாரிகளில் இரும்பு வலை மூடிகள் வந்து இறங்கின. இரும்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தலைநகரத்துப் பெரிய பாலத்தில் கைப்பிடிக் கம்பிகள் காணாமல் போனதாக மட்டும் பேச்சு வந்தது.

மூடிகளை மாட்டும் வேலை எட்டு விரல் ஃபிட்டருக்கே கொடுக்கப்பட்டது. ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். முதல் மூடியை நான்கு பேர் தூக்கிப் பிடிக்க, அவன் காற்றில் ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, போல்ட்டை வைத்துத் திருகினான். நான்கு பேரும் கையை எடுத்தார்கள். நூற்றைம்பது கிலோ இரும்பு, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், லேசாக அதிர்ந்துகொண்டு அப்படியே நின்றது. உச்சந்தலையில் கட்டோடு வந்திருந்த பெண் உட்கார்ந்து அழுதாள். செயலாளர் வெளியே போய், படிக்கட்டில் வாந்தி எடுத்தார்.

இதற்கிடையில் நடந்த தேர்தலில் கட்சி எல்லா வாக்குகளையும் வாங்கியது. யாருக்குப் போட்டாய் என்று நர்ஸ் தம்பியிடம் கேட்டாள். "வேற யாரு இருக்காங்க அக்கா?" என்றான் அவன், கோபம்கூட இல்லாமல். அடுத்த மூன்று வருடம் ஆலையிலிருந்து ஒரு முழம் நூல் வெளியே வரவில்லை. மாவு நாலு கிலோவிலிருந்து மூன்றானது, பிறகு இரண்டரை. மூன்றாம் வீட்டுக்காரன் நிலைப்படியையும் விற்றுவிட்டுப் பாயைத் தொங்கவிட்டிருந்தான். பத்தாவது தேர்தலுக்கான சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச மாவு போதவில்லை என்று கட்சியே அதை ஆணியடித்து மாட்டியது. ஆனால் விபத்துப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஏறவில்லை. கூடம் முழுக்க அறுபது இரும்புக் கூண்டுகள் வெறுமையைச் சுற்றி நின்றன. இருநூறு பேரும் காலையில் கொண்டுவந்த அதே விரல்களோடும் தலைமுடியோடும் வீட்டுக்குப் போனார்கள்.

ஒருநாள் முற்பகல், கைவலிக்கு மாத்திரை கொடுக்க நர்ஸ் தம்பியைத் தேடிக் கூடத்துக்குள் போனாள். அவன் ஒரு மூடியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தான்.

"அங்கேயே நில்லு. மூடி திறந்திருக்கு, கோட்டு மாட்டிக்கும்."

அவள் தன் வெள்ளைக் கோட்டின் நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றாள்.