பொனற்றில் எண்ணெய்ச் சிலுவை

இயந்திரப் பொறியியல் படித்த அனிற்றா இரண்டு வருசமாய் இத்தாலியின் பலேர்மோ நகரில் தாயோடு சேர்ந்து ஊரார் மாடிப்படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. பட்டத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியாயிற்று. வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்தாச்சே" என்றார்கள்.

அதனால்தான் ஷிமே சொன்னதும் தலையாட்டினாள். நகரத்தின் சீசா என்கிற பகுதியில் பழைய கார்கள் திருத்துகிற கராஜ் வைத்திருந்த இத்தாலியக் கிழவன் அவன்.

"மைத்துனனுக்குக் காய்ச்சல். ஞாயிறு நடக்கிற பழைய கார் ரலிப் போட்டியில் என் பக்கத்தில் இருந்து நேரக்கணக்குச் சொல். ஒழுங்காய்ச் செய்தால் திங்கள் தொடக்கம் கராஜில் வேலை. ஒன்று மட்டும்: உங்கள் கூட்டம் என் காருக்குக் கிட்ட வரக்கூடாது. மெழுகுதிரி, செபமாலை, வெறுங்கால் ஊர்வலம், ஒரு கோதாரியும் வேண்டாம்."

வீட்டில் தாய் அற்புதமலருக்கு அதை இன்னும் சூடாய்ச் சொன்னாள் மகள்.

"அந்தப் பக்கம் தலை காட்டப்படாது, சொல்லிப்போட்டன்."

"நான் ஏனடி வாறன்? எனக்குக் காரைப்பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அதுதான் சொல்லுறன்."

"ஓம், ஓம். கத்தாதை. பக்கத்து மொனிகா வீட்டுக்கும் கேக்கப்போகுது."

இந்த ரலியில் வேகத்துக்கு மதிப்பில்லை. வீதிக்குக் குறுக்கே ஒரு றப்பர் குழாய் கிடக்கும். குறித்த நொடியில் முன்சில்லு அதில் ஏறவேண்டும். முந்தினாலும் தண்டம், பிந்தினாலும் தண்டம். குழாய் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் காரை நிற்பாட்டினால் எல்லாவற்றிலும் பெரிய தண்டம்.

காலை முழுக்க மதோனிய மலைகளில், பனி கொட்டிக்கிடந்த வளைவுகளில், ஷிமேயின் சிவப்புக் கிழட்டுக் கார் உறுமிக்கொண்டு ஏறியது. உள்ளே சூடு கிடையாது. அனிற்றா விறைத்த விரல்களால் கணக்குப் போட்டாள். ஒரு குழாயும் தப்பவில்லை. பலேர்மோவுக்குத் திரும்பும்போது இரண்டாம் இடம்.

"மைத்துனன் காய்ச்சலிலேயே கிடக்கட்டும்," என்றான் ஷிமே. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருசத்தில் முதல் தடவை யாரோ அவளுடைய மூளைக்கு மரியாதை கொடுத்திருந்தார்கள்.

கடைசிக் குழாய் பெல்லெகிரீனோ மலையில். உச்சியில் புனித றொசாலியாவின் குகைக்கோயில். பலேர்மோத் தமிழர், ஊர் மன்னாரோ மொறீசியஸோ, சமயம் கிறிஸ்தவமோ சைவமோ, ஞாயிறு தோறும் நடந்து ஏறுகிற வீதி அது. மழைத் தூறலில் குடைகள் ஓரமாய் ஏறிக்கொண்டிருந்தன. குழாய் தெரிந்தது. அனிற்றா நொடிகளை எண்ணத் தொடங்கினாள்.

குடைக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் வெறுங்காலோடு வீதி நடுவுக்கு ஓடிவந்தாள்.

ஷிமே பிறேக்கை மிதித்தான். கார் நின்றது.

அற்புதமலர்தான். நனைந்த சுவெற்றருக்குள்ளிருந்து கோயில் எண்ணெய்ப் போத்தலை எடுத்தாள். பெருவிரலை அதில் தொட்டுக் காரின் முன்மூடியில், பொனற்றில், சிலுவை போட்டாள். பிறகு கண்ணாடிக்குள் பார்த்து வாயெல்லாம் பல்லாய்ச் சிரித்தாள்.

"ரலிக்கு வரேல்லைப் பிள்ளை, நேர்த்திக்கடனுக்கு வந்தனான்! உன்ரை வேலைக்குத்தான்!"

"யார் இந்தப் பைத்தியம்?" ஷிமே கத்தினான். "உனக்குத் தெரிந்தவளா?"

ஓம் என்றால் திங்கட்கிழமை போய்விடும். திரும்பவும் வாளி, திரும்பவும் மாடிப்படி. சொன்ன சொல்லைக் கேட்காத இந்த மனுசியாலே.

அனிற்றா கார்க் கண்ணாடியை இறக்கினாள். தாய்க்கும் கேட்கட்டும் என்றே சத்தமாய் இத்தாலியனில் சொன்னாள்.

"தெரியாது. கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் ஒருத்தி. ஓட்டுங்கள்."

இருபத்தைந்து வருசம் இத்தாலிய வீட்டு எசமானிகளான சிஞ்ஞோராமாரின் குசினிகளில் ஏச்சு வாங்கிய அற்புதமலருக்கு அந்த மொழி தண்ணிபட்ட பாடு. சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே தேவையில்லாமல் நின்றது. கார் நகர்ந்தது. பம்பர் முழங்காலில் இடித்தது. போத்தல் விழுந்து நொறுங்க, அவள் தடுமாறி அந்தக் கண்ணாடித் துண்டுகள்மேல் கால் வைத்தாள்.

அனிற்றா நேரத்தைப் பார்த்தாள். "பிந்திவிட்டோம்," என்றாள்.

பதினோராம் இடம். ஷிமே பழந்துணியொன்றை அவளிடம் எறிந்தான். "அந்த அழுக்கைத் துடை."

அவள் துடைத்தாள். எண்ணெய் லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள்.

"நீ அவர்களைப் போல இல்லை," என்றான் அவன், தோளில் தட்டி. "நாளைக்கு வா."

"நன்றி, சிஞ்ஞோர் ஷிமே."

கால்சாப் பகுதியில் இருந்த தங்கள் வீட்டில் அற்புதமலர் காலில் துணி சுற்றியிருந்தாள். மேசையில் ஒரு சோற்றுக்கோப்பை மட்டும் வைத்திருந்தாள். பங்குச் சுவாமி வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட கோப்பை.

"வாங்கோ, சிஞ்ஞோரினா. இருங்கோ."

"அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ. வேலை கிடைச்சிட்டுது."

"அப்பிடியோ?" அற்புதமலர் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், ஒரு சொட்டும் சிந்தாமல். "நல்ல விசயம். உங்கட அம்மாவுக்குச் சொல்லுங்கோ, சந்தோசப்படுவா."