பூஜ்ஜியம் யூனிட்

செல்லியம்மாளுக்கு வீடு கிடைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டி பைபாஸுக்கு மேற்கே, தெருவோரம் கிடந்தவர்களுக்கென்றே அரசு கட்டிய குடியிருப்பு. மூன்றாவது மாடி, எட்டு வீடுகளில் ஆறாவது அவளுடையது. இது ராத்தங்கும் விடுதி இல்லை, உயிரோடு இருக்கிற வரைக்கும் உங்கள் வீடுதான் என்று சாவி கொடுத்த அன்றே மெர்சி சொல்லியிருந்தாள். அங்கே குடிவந்தவர்களுக்குத் துணையாக அரசு வைத்திருந்த பணியாளர் மெர்சி. ரேஷன் அட்டை வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, வேலை தேடித் தருவது எல்லாம் அவள் பொறுப்பு. செல்லியம்மாளுக்கு சிப்காட் பக்கம் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கும் வேலையும் அவள் பிடித்துக் கொடுத்ததுதான். சாப்பாடு மூன்று வேளையும் அங்கேயே ஆகிவிடும்.

அதற்கு முன் பதினோரு வருடம் ரயில் நிலையத்தின் வெளிச்சுவர் ஓரம். தொந்தரவு தராதவளை யாரும் சீக்கிரம் விரட்டுவதில்லை என்பது அங்கே அவள் கற்றுக்கொண்ட பாடம். பெருக்குகிறவர் வருமுன் கோணியைச் சுருட்டிவிடுவாள். படுத்த இடத்தில் ஒரு காகிதத் துண்டைக்கூட விட்டுவைக்க மாட்டாள். எழுந்து போ என்றால் ஏன் என்று கேட்காமல் போவாள். இரண்டு நாள் கழித்துச் சத்தமில்லாமல் திரும்பி வருவாள்.

புது வீட்டிலும் அப்படியே இருந்தாள். சுவரில் ஆணி அடிக்கவில்லை. அடுப்பைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்கவில்லை. துணிமணி கோணியிலேயே இருந்தது. நடைவழி விளக்கின் வெளிச்சம் கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியே உள்ளே விழும். அது போதுமென்று ஒரு ஸ்விட்சையும் தொட்டதில்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போது கதவு நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த வீட்டில் அவள் கும்பிட்டது அந்த நிலையைத்தான்.

அவள் பிறருக்குக் கொடுத்த தொந்தரவு ஒன்றே ஒன்று. குழாயில் தண்ணீர் விடிகாலை ஐந்தேகாலுக்கு வந்து முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும். நாலு மணிக்கே விழித்துக் கிடக்கும் அவளுக்குக் குழாயில் காற்று சீறும் சத்தம் முதலில் கேட்கும். உடனே எழுந்து, ஒரு கரண்டியால் ஏழு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டே போவாள்.

ஒருநாள் மாலை வேலை முடிந்து வந்தபோது கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மற்ற ஏழு கதவுகளிலும் தாள் இல்லை என்பதைப் பார்த்தாள். யாரிடமும் கேட்கவில்லை. தரையைத் துடைத்தாள், கதவைப் பூட்டினாள், பக்கத்து வீட்டுத் துளசிராமனின் கதவுக் கொண்டியில் சாவியை மாட்டினாள், கோணியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தாள். கோபமெல்லாம் இல்லை. நாலு மாதம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கியதே பெரிது என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மெர்சி அவளைச் சுவரோரம் கண்டுபிடித்தாள். கையில் அந்தத் தாள். அதில் இருந்ததைப் படித்துச் சொன்னாள். இரண்டு தடவை கரண்ட் மீட்டர் ரீடிங் எடுத்தும் பூஜ்ஜியம் யூனிட் என்றே வந்திருப்பதால் வீட்டில் ஆள் இல்லை என்று வீடு ஒதுக்கிய குடியிருப்பு வாரியம் நினைக்கிறது. இன்று பகலில் அதிகாரி வருவார். அவருக்கு விளக்கம் சொல்லாவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகும்.

"அதான் போவச் சொல்லிட்டாங்களே, நானே வந்துட்டேன்" என்றாள் செல்லியம்மாள்.

"போவச் சொல்லலம்மா. நீங்க அங்க இருக்கீங்களான்னு கேக்கறாங்க."

செல்லியம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கோணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதிகாரி ஹேமநாத் கெட்டவர் இல்லை. வீட்டுக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியல் அவர் பையில் இருந்தது. ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அந்தப் பட்டியலில் ஒருவர் ரோட்டில் கிடக்கிறார் என்பது அவர் கணக்கு. அடுப்பைப் பார்த்தார், வெறும் சுவரைப் பார்த்தார். வாழ்கிற வீடு மாதிரி இல்லையே என்றார்.

"நல்லா சுத்தமா வச்சிக்கினு இருக்கேன் சார்" என்றாள் அவள். அது அவருடைய சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. பேனாவைத் திறந்தார்.

வாசலில் ஊன்றுகோலோடு வந்து நின்றான் துளசிராமன்.

"சார், இந்த யக்கா இங்க இல்லன்னா, தெனம் அஞ்சு மணிக்கு எங்க கதவ இடிக்கறது யாரு? உங்க வாரியமா?"

அது என்ன விஷயம் என்று ஹேமநாத் கேட்டார்.

"மூணு நாளா யக்கா இல்ல. எப்ப தண்ணி வந்துச்சு, எப்ப நின்னுச்சுன்னே தெரியல. இந்த மாடில ஒருத்தரும் குளிக்கல. சந்தேகமா இருந்தா கிட்ட வந்து மோந்து பாருங்க சார்."

ஹேமநாத் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அதற்குள் மற்ற கதவுகளும் திறந்தன. எதிர்வீட்டுத் துர்காதேவி காலிக் குடத்தைத் தூக்கிக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகூடத் தூங்க விடுவதில்லை என்றார் ஒருவர். கரண்டி பட்டுக் கதவில் பெயிண்ட் போய்விட்டது என்றார் இன்னொருவர். எல்லாம் புகார்தான். ஹேமநாத் ஒன்று விடாமல் எழுதி, அவற்றின் கீழே ஏழு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி, வீட்டில் ஆள் வசிப்பது உறுதி என்று முடித்தார்.

கிளம்பும்போது, ஏன் லைட்டே போடுவதில்லை என்று கேட்டார்.

"குடுத்தவங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னுதான் சார்."

அவர் பேனாவை மூடினார். பிறகு, "இது உங்க வீடு. போட்டா மீட்டர் ஓடும், மீட்டர் ஓடுனாதான் எங்களுக்கு நிம்மதி" என்றார். செல்லியம்மாள் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள். அவரும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதிலுக்குக் கும்பிட்டார்.

அன்று மெர்சி எந்த ஸ்விட்சுக்கு எது என்று காட்டிக் கொடுத்தாள். துளசிராமன் ஆணி அடித்துக் கயிறு கட்டினான். கோணியில் இருந்த துணியெல்லாம் கொடிக்கு வந்தது. காலியான கோணியை மடித்துக் கால்மிதியாக வாசலில் போட்டாள்.

அடுத்த ரீடிங் எடுக்க வந்த பையன் மாடிப்படி மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, வேலைக்குக் கிளம்பியவள் அவன் பின்னாலேயே நின்றுவிட்டாள். அவன் அட்டையில் எழுதிவிட்டுத் திரும்பினான்.

"எவ்ளோ நைனா?"

"முப்பத்தொண்ணு."

"போதுமா?"

யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. தாராளமாகப் போதும், இன்னும்கூட எரிக்கலாம் என்றான். செல்லியம்மாள் திரும்பப் படியேறிப் போய், கதவைத் திறந்து, நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பட்டப்பகலில் அடுப்படி விளக்கைப் போட்டுப் பார்த்தாள்.