டீச்சருக்கு ஒரு வாய்

"நீங்க பிள்ளைங்க டிபன் பாக்ஸ்ல கை வைக்கிறீங்களாமே?" என்று பிரின்சிபால் மேடம் கேட்டபோது விஜயகுமாரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மேடம் சிரிக்கவில்லை. வடக்கேயிருந்து இந்தச் சுரங்க ஊருக்கு மாற்றலாகி வந்த இன்ஜினியர் ஒருவரின் மனைவி, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாராம். டீச்சர் என் மகன் சாப்பாட்டை எடுத்துத் தின்கிறார், அவன் அரைவயிற்றோடு வீட்டுக்கு வருகிறான் என்று.

அடக் கடவுளே, இப்படியும் ஒரு பேச்சா! முன்பு காடாம்புலியூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் வேலை பார்த்தபோது மதிய மணி அடித்தால் போதும், "டீச்சர், எங்க வூட்டுது ஒரு வாய்" என்று பிள்ளைகள் மொய்த்துக்கொள்ளும். ஒருத்தி டப்பாவில் எடுத்து இன்னொருத்தியை விட்டுவிட்டால் அன்றைக்கு அழுகைதான். வாங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளையின் வீட்டில் கை நனைத்த மாதிரி. விஜயகுமாரிக்கு அது வெறும் வழக்கம் மட்டும் இல்லை. அவள் படித்த காலத்தில் எல்லார் டப்பாவிலும் ருசி பார்த்த வாத்தியார், அவள் டப்பாவை மட்டும் தாண்டிப் போவார். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. எந்தத் தெரு என்று தெரிந்தால் போதாதா? அதனாலேயே இந்தப் பள்ளிக்கு வந்த பிறகும் இவள் ஒரு டப்பாவையும் விடமாட்டாள்.

இதையெல்லாம் மேடத்திடம் சொல்ல முடியுமா? அவர் தன்மையாகத்தான் பேசினார்.

"அவங்க ஊர்ல டீச்சர்னா கொஞ்சம் தள்ளி நிக்கணும்ங்க. இங்க எல்லா ஊர்ப் பிள்ளைங்களும் படிக்குது. ஜூன்ல உங்கள பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதியிருக்கேன். இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"சரிங்க மேடம்" என்றாள். கோபம் வரும் என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை, மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு.

மறுநாள் மதியம் அபி வந்தாள். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, குவார்ட்டர்ஸ் கிடையாது. இலவச ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை.

"பலாக்கொட்டைக் கொழம்பு டீச்சர். உங்களுக்குப் புடிக்கும்னு அம்மா வச்சிச்சு."

"நான் சாப்ட்டேன்டி கண்ணு."

"ஒரு வாய் டீச்சர்."

"வேணாம்மா. போய் சாப்புடு."

மற்றப் பிள்ளைகளிடமும் இதையேதான் சொன்னாள். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அபி மட்டும் மூடியை அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். எதற்கு என்று விஜயகுமாரிக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தலை குனிந்து நோட்டுத் திருத்தினாள். யார் நோட்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் எதைச் சொல்வது?

அடுத்த நாளும் அபி வந்தாள். வழக்கமான டப்பா இல்லை. விலைச்சீட்டு உரிக்காத சின்ன எவர்சில்வர் டப்பா, பிளாஸ்டிக் கவரோடு ஒரு ஸ்பூன்.

"உங்களுக்குனு தனியா எடுத்துகினு வந்தேன் டீச்சர். டப்பா புதுசு. அம்மா குளிச்சிட்டுதான் செஞ்சிச்சு. நாங்க யாரும் தொடல."

விஜயகுமாரியின் கை மேசை மேலேயே கிடந்தது. அபி கவரின் வாயைக் கிழித்து, ஸ்பூனில் தன் விரல் பட்டுவிடாமல் கவரோடு பிடித்து, நீட்டிக்கொண்டே நின்றாள்.