ஏசிக்காரரின் தூக்கம்

அடுத்த அறைச் சிறுமியின் கையிலிருந்து பந்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள் அவள்.

“மாமா தூங்கறாரு கண்ணு. சுவத்துல அடிக்காம அந்தப் பக்கம் போய் விளையாடு.”

“இன்னுமா தூங்கறாரு? கடலுக்கு வர மாட்டாரா?”

“எழுந்ததும் நேரா கடல்தான்.”

பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வராந்தா நாற்காலியில் சாய்ந்தாள். பேர்தான் கடற்கரை விடுதி. காற்று மருந்துக்கும் இல்லை. புழுக்கம் ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போனால் ஏசி உண்டு. ஆனால் கதவைத் திறந்தால் வெளிச்சம் அவர் முகத்தில் விழும். விழித்துக்கொள்வார்.

ஏசி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டவளுக்குக் கோடையில் ஒரே உத்தியோகம், அவர் தூக்கத்துக்குக் காவல். ஊரே வேகும்போது அவர் போன் ஓயாது. அவர் வந்து கட்டிலில் விழுந்ததும் அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றிவிடுவாள். குக்கரை விசிலடிக்க விடமாட்டாள். தேடி வருகிறவர்களிடம், “இப்பத்தான் வெளிய கிளம்பினாரு, நீங்க பாக்கலை?” என்று கூசாமல் புளுகுவாள். ‘வாட்ச்மேன்’ என்றுதான் அவளை அவர் கூப்பிடுவார்.

கல்யாணமான நாளிலிருந்து கோடையில் அவர் எடுத்த முதல் லீவு இது. அதுவும் அவள் நச்சரித்து.

நேற்று அறைக்குள் கால் வைத்ததுமே ஏசி கடகடத்தது. நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“ஃபேன் பேரிங் போச்சு. இரு, ஒரே நிமிஷம்...”

“ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டீங்க, அதோட சேர்த்து உங்களையும் கடல்ல தள்ளிடுவேன்.”

சிரித்தபடி, பையில் லுங்கிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து அவள் கையில் ஒப்படைத்தார். அவள் அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“எனக்கும் தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு ஒரே வலி. ஏணி ஏறி இறங்கினதுதான். தூங்கி எழுந்தா சரியாயிடும். நாளைக்கு நானா முழிக்கிற வரைக்கும் எழுப்பாதே, வாட்ச்மேன்.”

“இடியே விழுந்தாலும் எழுப்ப மாட்டேன். போதுமா?”

சொன்ன சொல் தவறவில்லை. காலையில் அவர் போனை அணைத்தாள். அறை பெருக்க வந்த பெண்ணை வராந்தாவோடு திருப்பி அனுப்பினாள். நடுவில் ஒருமுறை உள்ளேயிருந்து கர்ரென்று இழுவையாக ஒரு சத்தம் வந்தது. நேற்றைக்கு இன்றைக்கு ஏசி இன்னும் மோசம், பாவம், செய்ய விட்டுத் தொலைத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெயில் வராந்தா நிழலைத் தின்றுகொண்டே வந்து அவள் கால்விரலைச் சுட்டது. பசித்திருப்பாரே என்று கதவை ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். போர்வை தரையில் கிடந்தது. எடுத்து மூடப்போனவளின் விரல் அவர் கையில் பட்டது.

அப்புறம் எல்லாமே ஓட்டம்தான். விடுதி மேனேஜர் ஓடிவந்தார். கடலில் குளித்துக்கொண்டிருந்த டாக்டர் ஒருவரை ஈர டிராயரோடு இழுத்து வந்தார்கள். டாக்டர் அவர் மார்பில் காது வைத்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவசரப்படுவதை நிறுத்திவிட்டார்.

“கடைசியா எப்பம்மா பேசினாரு?”

“நேத்து. தூங்கறதுக்கு முன்னால.”

“காலையில ஏதாவது சத்தம்? குறட்டை மாதிரி, மூச்சுக்குத் திணறுற மாதிரி?”

அவள் சுவரில் கடகடத்துக்கொண்டிருந்த ஏசியை அண்ணாந்து பார்த்தாள்.

“அதுன்னு நினைச்சேன்.”

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“அப்பவே நான் எழுப்பியிருந்தா?”

டாக்டர் தன் ஈரக்காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். “அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா.”

வெளியூரிலிருந்த மகள் சேதி கேட்டுக் கிளம்பிவிட்டாள். ஆம்புலன்ஸ்தான் வந்தபாடில்லை.

“பீச் ரோட்டுல மாட்டிக்கிச்சும்மா. லாங் வீக்கெண்ட் பாருங்க, ஊரே இங்கதான் இருக்கு,” என்றார் மேனேஜர்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஏசி ஒரு குலுங்கு குலுங்கி நின்றுபோனது. மேனேஜர் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். யார் யாருக்கோ போன் போட்டார்.

“லீவு நாள்ல ஒரு மெக்கானிக்கும் எடுக்க மாட்டேங்கறான். ஜன்னல், கதவெல்லாம் திறந்து வைங்கம்மா. நான் கேட்டுக்குப் போய் வண்டியைப் பாக்கறேன்.”

எல்லோரும் போனபின் கைப்பையைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது? அவருடைய பிடி பட்டுப் பட்டு வழுவழுத்திருந்த கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றுவிட்டு இறங்கினாள். கட்டிலில் உட்கார்ந்து துண்டால் அவருக்கு விசிற ஆரம்பித்தாள்.

பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வந்து வாசலில் நின்றாள் சிறுமி.

“மாமா இன்னும் எழுந்துக்கலையா ஆன்ட்டி?” கிசுகிசுப்பாகக் கேட்டாள். “நான் சத்தமே போடல.”

“விளையாடு கண்ணு.”

“இங்கயா?”

“இங்கதான். சுவத்துலயே அடி.”

சிறுமி தயங்கித் தயங்கிப் பந்தை எறிந்தாள். மெதுவாகத்தான் பட்டது.

“இன்னும் வேகமா.”

டம்மென்று சுவர் அதிர்ந்தது. விசிறுவதை நிறுத்திவிட்டு, அவள் அவருடைய இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.