நாற்பத்தோராம் மிதவை தேடியது

மங்களூரில் மிதவை செய்கிற கம்பெனி ஒன்றுக்கு நான் தேடல் மென்பொருள் பொருத்திக் கொடுத்தேன். மிதவை என்றால், துறைமுக வாசலில் உச்சியில் விளக்கை வைத்துக்கொண்டு கப்பலுக்கு வழி காட்டியபடி ஆடிக்கொண்டு நிற்குமே, அந்த இரும்புப் பூதம். பொருத்தும்போது ஒரே ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிட்டேன். அதனால் அரபிக் கடல் முழுவதும் தேடலில் அகப்பட்டது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்போது வேலையில் இருந்த இருநூற்று நாற்பது பேரும் பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. இருபது முப்பது வருஷம் ஓடிய கம்பெனியில் கோப்புகள் ஆளுக்கொரு கணினியில் கிடக்கும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'இதுதான் ஃபைனல்', 'மல்யா சார் சொன்ன ஃபைனல்' என்று பெயர் வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, எதை யார் பார்க்கலாம் என்று அனுமதி போட்டு, மேலே ஒரு தேடல் பெட்டி வைத்துக் கொடுப்பேன். உள்ளே ஒரு நிரல் கோப்பு கோப்பாக ஊர்ந்து போய்ப் படித்துக்கொண்டு வரும். அதை நான் ஊர்வி என்பேன். ஊர்வி படித்தது எதுவோ அதுதான் தேடினால் கிடைக்கும். அதிலும் உங்களுக்கு அனுமதி உள்ளது மட்டும்தான் உங்கள் கண்ணுக்குத் தெரியும். அனுமதி இல்லாததைப் பற்றி, 'இருக்கிறது, காட்டமாட்டேன்' என்றுகூடச் சொல்லாது. அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லாத மாதிரி சும்மா இருக்கும்.

ஊர்வி ஓர் இடத்திலிருந்து எத்தனை இடம் தாவலாம் என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று என்று போடுவது வழக்கம். அன்று கேண்டீனில் கோரி ரொட்டி. மொறுமொறுப்பான ரொட்டியை நொறுக்கிப் போட்டுக் கோழிக் குழம்பை ஊற்றியாகிவிட்டது, ஊறிக்கொண்டிருக்கிறது என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். கட்டத்தை வெறுமையாக விட்டு எழுந்துவிட்டேன். வெறுமை என்றால் எல்லையில்லை என்று பொருள். எழுகிற அவசரத்தில் 'யார் தேடலாம்' என்ற இடத்தில் 'எல்லாக் கணக்குகளும்' என்று தட்டிவிட்டேன். ஊழியர்கள் இருநூற்று நாற்பது பேர். கணக்குகள் இருநூற்று எழுபத்தொன்று. மிச்சம் முப்பத்தொன்று யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து, கேண்டீன் சமையல்காரர் போன மாதம் எவ்வளவு மீன் வந்தது என்று பார்ப்பதற்காகப் பெட்டியில் 'பங்குடே' என்று அடித்தார். அயிலை மீனுக்கு அங்கே அதுதான் பெயர். வந்த பதில் இது: 'பங்குடேக் கூட்டம். பதினாலாயிரம் உருப்படி. உள்ளாள் கரைக்கு நேரே ஆறு மைல். கடைசியாக மாற்றியது: இன்று காலை 9.10. மாற்றியவர்: நீரோட்டம்.' அவர் பதறவில்லை. படகு வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டார். மதியம் எல்லோர் தட்டிலும் இரண்டிரண்டு விழுந்தது.

நடந்தது எளிது. ஊர்வி கோப்புகளைப் படித்து முடித்து, சிக்னல் அறைக் கணினிக்குத் தாவியிருக்கிறது. அங்கிருந்து, கடலில் நின்று சிக்னல் அனுப்பும் மிதவைகளுக்கு. அதற்கப்புறம் தண்ணீர். தண்ணீர் எங்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது.

அந்த வாரம் ஆபீஸ் ஒரு மாதிரி ஆழத்துக்குப் போய்விட்டது. மின்விசிறிகள் நீர்ப்பாசி போல மெல்ல அசைந்தன. ஜன்னலுக்கு வெளியே செப்டம்பர் மழை, பெய்கிறதா நிற்கிறதா என்று தானே தீர்மானிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் இடுப்பளவு நீரில் நடப்பதைப் போல நடந்தார்கள். ஸ்டோர் கணக்கர் 'நிலா' என்று தேடினார். நேற்றைய நிலவொளி எத்தனை முழம் இறங்கியது என்று வந்தது. டெலிபோன் பெண் 'அமைதி' என்று தேடினாள். ஒரே ஒரு விடை: 'மூவாயிரத்து அறுநூறு அடி ஆழத்தில். அளவு: பூஜ்யம். இதுவரை திறந்தவர்: யாருமில்லை.' அவள் அதைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடும் என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை கடிதம் வந்தது. வடக்கே ஒரு சிறு துறைமுகத்தின் வாசலில் நிறுத்தியிருந்த நாற்பத்தோராம் மிதவை இடத்தில் இல்லை. சங்கிலி அறுந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். சங்கிலியை இழுத்துச் சோதித்த அறிக்கை சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் தங்கள் கையில் இருக்க வேண்டுமாம்.

அங்கே சங்கிலி சோதனை என்றால் ஹில்டா டௌரோ. எல்லோருக்கும் ஹில்டா பாயி; நாம் அக்கா என்பதைப் போல அங்கே பாயி. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். கம்பெனியை விட்டுப் போன ஒவ்வொரு சங்கிலியையும் நின்று இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். நாற்பத்தொன்றின் சான்றிதழில் அவர் கையெழுத்து இருந்தது. அறிக்கை மட்டும் இல்லை.

முதலாளி உபேந்திர மல்யா கெட்டவர் அல்ல. சங்கடமான விஷயத்தை மேஜைமேல் இருக்கும் காகிதக் குண்டைப் பார்த்துச் சொல்கிற ரகம். குண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"சனிக்கிழமைக்குள்ள கெடைக்கலன்னா, சோதிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னு எழுதிக் குடுக்க வேண்டியதுதான், பாயி. எனக்கு வேற வழி இல்ல."

"எழுதுங்க சார். இந்தக் கம்பெனியில நான் பிடிச்சு இழுக்காதது நீங்க ஒருத்தர்தான்" என்றார் ஹில்டா பாயி.

சொல்லிவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார். என்னை ஆள்வர் என்றுதான் கூப்பிடுவார். குரலில் கோபமில்லை. கை மட்டும் கண்ணாடிக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் ஓய்வு பெற வேண்டியவர். பொய்க் கையெழுத்துக்காரி என்ற பெயரோடு வாசலைத் தாண்ட வேண்டும்.

"ஆள்வரே, கடல்ல இருக்கிற மீனெல்லாம் உங்க பெட்டிக்குத் தெரியுது. நான் எழுதினது மட்டும் தெரியலையா?"

தேடினேன். என் கணக்குக்கு முழு அதிகாரம் உண்டு. ஒன்றும் வரவில்லை. வழக்கமாக அறிக்கைகளைக் கணினியில் ஏற்றுவது குமாஸ்தா. அந்த ஒரு நாள் அவர் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்ததால், அந்த ஒன்றைத் தானே ஏற்றியதாக ஹில்டா பாயி சொன்னார். எப்படி ஏற்றினீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் என்றேன். உட்கார்ந்தார். தலைப்பு அடித்தார். தேதி அடித்தார். 'யார் பார்க்கலாம்' என்ற கட்டம் வந்தது. ஒரு நொடிகூட யோசிக்காமல் 41 என்று அடித்தார்.

"எதுக்கு நாப்பத்தொண்ணு?"

"பின்ன? நாப்பத்தொண்ணோட ரிப்போர்ட்டுதானே மாராயா." மாராயா என்றால் அங்கே 'அப்பா' என்று அலுத்துக்கொள்கிற மாதிரி.

இங்கே அந்தக் கம்பெனியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே மிதவைகளை ஆட்களாகத்தான் கணக்கு. கடலுக்கு அனுப்பும் நாளில் அர்ச்சகர் வந்து தேங்காய் உடைத்து மல்லிகை கட்டுவார். அவர் நகர்ந்ததும் ஹில்டா பாயி மிலாக்ரிஸ் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளிப்பார். பிறகு குமாஸ்தா ஊழியர் படிவத்திலேயே ஒன்றை எடுத்து நிரப்பி, சிக்னல் அனுப்புவதற்குக் கணக்குத் திறப்பார். பெயர்: 41. பதவி: மிதவை. பணியிடம்: கடல். விடுமுறை: இல்லை. எனக்குக் கணக்கில் உதைத்த முப்பத்தொரு பேரும் யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆக, அறிக்கை பத்திரமாக இருந்தது. பார்க்க அனுமதி உள்ளவர் ஒரே ஒருவர்; அந்தக் கட்டத்தில் பெயர் இல்லாவிட்டால், எழுதியவருக்கும் காட்டாது, முழு அதிகாரம் உள்ள எனக்கும் காட்டாது.

"அப்ப அவரைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார் ஹில்டா பாயி.

"அவரைத்தான் காணோமே, பாயி."

அதன் கடவுச்சொல்லை மாற்றி நானே உள்ளே போயிருக்கலாம். ஆனால், கணக்குக்கு உரியவர் நேரில் வந்து படிவத்தில் கையெழுத்திட்டால்தான் கடவுச்சொல் மாற்றலாம் என்று மல்யா விதி போட்டிருந்தார். இந்த ஒரு தடவை என்று கேட்டுப் பார்த்தேன். தான் போட்ட விதியைத் தானே மீறினால் கடலில் நிற்கிற மற்ற முப்பது பேரும் என்ன நினைப்பார்கள் என்றார். படிவம் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளிக்கிழமைவரை எல்லோரும் அறிக்கையைத்தான் தேடியிருந்தோம். மிதவையை ஒருவரும் தேடவில்லை. அன்று காலை ஹில்டா பாயிதான் பெட்டியில் 41 என்று அடித்தார். முதல் விடையே அதுதான்: 'மிதவை 41. சூரத்கல் கலங்கரை விளக்குக்கு மேற்கே பதினெட்டு மைல். கடைசியாக மாற்றியது: இரண்டு நிமிடம் முன். நிலை: போய்க்கொண்டிருக்கிறது.'

அப்போதே பெங்ரே மீனவர் கரையிலிருந்து தூமப்ப கர்கேராவின் படகில் கிளம்பினோம். அவர் ஹில்டா பாயியைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர், ஆகையால் மரியாதை கம்மி.

"மாட்டைத் தேடிப் போறவங்களப் பாத்திருக்கேன், கோழியத் தேடிப் போறவங்களப் பாத்திருக்கேன். வேலைக்கு வராத மிதவைய வீடு தேடிப் போறது நீதான் பாயி" என்றார்.

"ஓட்டு தூமப்பா. டீசல் வாய்க்கு ஊத்தல, போட்டுக்குத்தான் ஊத்தியிருக்கு."

கரை மறைந்தபின் கடலும் வானமும் ஒரே பாலாகிவிட்டன. படகு போகிறதா, நிற்கிறதா, உலகம் பின்னால் நகர்கிறதா என்று சொல்ல முடியவில்லை. மூன்று மணி நேரம் இப்படியே போனது. பிறகு வெண்மைக்குள் சிவப்பாக ஒரு புள்ளி. அது மிதந்துகொண்டு இல்லை, நடந்துகொண்டிருந்தது. நீரோட்டம் ஒரு பக்கம் தள்ள, அது தென்மேற்காகத் தலையை ஆட்டி ஆட்டி, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் கட்டிய மல்லிகை வாடியிருந்தது, ஆனால் உதிரவில்லை.

படகு மிதவையை அணைந்ததும் ஹில்டா பாயி குனிந்து சங்கிலியில் கை வைத்தார். மருத்துவர் நாடி பார்ப்பது போல வெகுநேரம் வைத்திருந்தார்.

"ஒரு கண்ணிகூட அறல" என்றார் மெதுவாக. "அடியில கட்டின கல்லையும் சேத்து இழுத்துக்கிட்டுத்தான் போகுது."

கைப்பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, மிதவைமேல் ஏறி மூடியைத் திறந்தார். உள்ளே பழுது பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு சின்னத் திரையும் விசைப்பலகையும் உண்டு. திரை விழித்திருந்தது. மேல் மூலையில் 'வணக்கம், 41' என்றிருந்தது. என் படிவத்துக்கு வேலையில்லை. ஹில்டா பாயி 'சங்கிலி சோதனை' என்று அடித்தார். ஒரே விடை. பன்னிரண்டு டன், பத்து நிமிடம், தாங்கியது, தேதி, கையெழுத்து. 'யார் பார்க்கலாம்' கட்டத்தில் தன் பெயரையும் மல்யாவின் பெயரையும் சேர்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் நீர் தெறிக்கவில்லை; நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாட்டியபின் திரையின் அடியில் இருந்ததைப் படித்தார். முன்பு தேடியவற்றைப் பெட்டி அங்கே வரிசையாக வைத்திருக்கும்.

'கப்பல்கள் எங்கே போகின்றன.'

'என்னைவிடப் பெரிய விளக்கு.'

'மினிகாய்த் தீவுக் கலங்கரை விளக்கு.'

'மினிகாய் எவ்வளவு தூரம்.'

'கல் கனமாக இருந்தால் என்ன செய்வது.'

முதலாவதன் தேதி, நான் கோரி ரொட்டி சாப்பிட்டதற்கு மறுநாள்.

"ஆள்வரே, இதுக்குத் தேடறதுக்கு அனுமதி குடுத்தது யாரு?"

எல்லாக் கணக்குகளுக்கும் என்று ஓர் இடம் உண்டு, அதில் ஒரு டிக் விழுந்திருக்கலாம் என்றேன்.

"தானாவே விழுந்துச்சோ?"

"அன்னிக்கு ரொட்டி ஊறிக்கிட்டிருந்தது, பாயி."

அவர் என்னைத் திட்டவில்லை. தென்மேற்கே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மிதவைமேலேயே உட்கார்ந்திருந்தார். அப்படியே விட்டுவிடச் சொல்வார் என்று நினைத்தேன். ஆனால் அவர் சங்கிலிக்காரர். வாசலில் விளக்கு இல்லையென்றால் யாராவது பாறையில் மோதுவான் என்று சொல்லிக் கயிறு கேட்டார். மிதவை முரண்டு பிடிக்கவில்லை. லீவு முடிந்த ஊழியர் மாதிரி தலை குனிந்து பின்னாலேயே வந்தது.

அறிக்கை சனிக்கிழமை பதினொரு மணிக்கே துறைமுக அலுவலகத்துக்குப் போய்விட்டது. அறுகாத சங்கிலியோடு மிதவை ஏன் நகர்ந்தது என்று அவர்கள் கேட்டதற்கு, மென்பொருளில் ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். மறுகேள்வி வரவில்லை. மல்யா ஹில்டா பாயியைக் கூப்பிட்டு, காகிதக் குண்டைப் பார்க்காமல் மன்னிப்புக் கேட்டார். நான் பார்த்ததில் இந்தக் கதையிலேயே நம்ப முடியாத இடம் அதுதான்.

கட்டத்தில் மூன்று என்று போட்டேன். கடல் தேடலிலிருந்து வடிந்தது. கேண்டீனில் பங்குடே பழையபடி சந்தையிலிருந்து வந்தது. முப்பத்தொரு மிதவைகளின் தேடல் அனுமதியையும் எடுத்துவிடச் சொல்லி உத்தரவு. எடுத்துக்கொண்டிருந்தபோது ஹில்டா பாயி என் பின்னால் வந்து நின்றார்.

"அதுக்கு லீவே கிடையாது, ஆள்வரே. தேடவாவது செய்யட்டும்."

முப்பதை எடுத்தேன்.

ஓய்வு பெறும்வரை மிச்சமிருந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹில்டா பாயி ஒரு கோப்பை ஏற்றினார். ஏற்றுவதை என் மேஜையிலிருந்து பார்ப்பேன். மினிகாயில் அவருக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். அவளுக்கு அடிக்கடி போன் போட்டு என்னென்னவோ கேட்டு எழுதிக்கொள்வார். கடைசிக் கட்டத்தில் 41 என்று அடிப்பார். மிதவை அதற்கப்புறம் ஓர் அடிகூட நகரவில்லை.

அதில் என்னதான் எழுதுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். உங்களுக்கு அனுமதி இல்லை என்றார்.

அவர் வீட்டுக்குப் போனபின், முழு அதிகாரம் உள்ள என் கணக்கில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லாத மாதிரி, பெட்டி சும்மா இருந்தது.